பாளையங்கோட்டையில் குழந்தைகள் நல ஆய்வுப் பட்டறை: சான்றிதழைத் தவிர வேறென்ன மிஞ்சும்?

ஆத்துப்பாலம் | ஜூன் 12, காலை

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் பாளையங்கோட்டையில் 2 நாள் பட்டறை. சமூகப்பணியும் குழந்தைகள் நல ஆய்வும். வருகிறவர்கள்: குழந்தைகள் பாதுகாப்பு அலகின் களப்பணியாளர்கள், குழந்தைகள் இல்லங்களின் ஆற்றுப்படுத்துநர்கள், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு மாணவர்கள். நிர்வாகம் 60 பேர் என்கிறது. நிரலில் 8 சொற்பொழிவு, 1 குழு விவாதம், 1 களப்பயணம். இப்படியே நடத்தினால் சான்றிதழ்தான் மிஞ்சும் என்பது என் கட்சி. எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம்?

பொதிகைத்தூறல் | ஜூன் 12, மாலை

முதலில் 60-ஐ வெட்டுங்கள். 24 பேர், 3 பயிற்றுநர். 8 பேருக்கு ஒருவர் இல்லாவிட்டால் எழுதியதை யாரும் திருத்தித் தரமாட்டார்கள். திருத்தித் தராத பயிற்சி வகுப்பெடுப்புதான். 60 பேர் கட்டாயம் என்றால் இரண்டு தவணையாகப் பிரியுங்கள்.

இரண்டாவது, "ஆய்வு முறைகள்: ஓர் அறிமுகம்" மாதிரித் தலைப்புகள் எல்லாம் போகட்டும். ஒவ்வொருவரும் வீட்டுக்குத் திரும்பும்போது கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும்: தானே எழுதி, பக்கத்திலிருப்பவர் சோதித்து, திருத்தப்பட்ட ஒரு பக்க வினாத்தாள். அல்லது ஒரு சமூக விசாரணை அறிக்கை, அதாவது பிள்ளையின் வீட்டையும் சூழலையும் விசாரித்துக் குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதித் தருவது. எது என்று முதலில் முடிவெடுத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நிரலைப் போடுங்கள். அந்தப் பொருளுக்கு உதவாத சொற்பொழிவு, பேசுபவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், வேண்டாம்.

மேலப்பாளையத்தான் | ஜூன் 12, இரவு

தொடக்க விழாவ மறந்துட்டீரே வே. குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை, சிறப்புரை முடியும்போது மணி பதினொன்றரை. அப்புறம் டீ, வடை. முதல் நாள் காலை போச்சு. விருந்தினரக் கூப்பிட்டே ஆகணும்னா ரெண்டாம் நாள் சாயங்காலம் கூப்பிடுங்க. பிள்ளைங்க எழுதினத வாசிச்சுப் பாத்துட்டுச் சான்றிதழ் குடுக்கட்டும். அவருக்கும் பேச விஷயம் கிடைக்கும்.

பொதிகைத்தூறல் | ஜூன் 13

சரியான யோசனை. முதல் நாள் காலை 9.30-க்கே கையில் தாளைக் கொடுத்துவிடலாம். என்ன தாள் என்று சொல்கிறேன்.

கற்பனையான ஒரு கோப்பு தயாரியுங்கள். 2 பக்கம். பிள்ளையின் வயது, வீடு, பள்ளி வருகை, உடம்பிலிருந்த காயம் பற்றி ஆசிரியர் சொன்னது, அம்மா சொன்னது, பக்கத்து வீட்டார் சொன்னது. வேண்டுமென்றே இரண்டு முரண்பாடு வையுங்கள். 30 நிமிடத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக விசாரணை அறிக்கையின் முடிவுப் பகுதியை எழுதட்டும். யாரும் யாரோடும் பேசக் கூடாது.

எழுதியதை வாங்கிப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும். "குடும்பச் சூழல் திருப்திகரமாக இல்லை" என்ற வாக்கியம் பாதித் தாள்களில் இருக்கும். எது திருப்தியில்லை, யார் சொன்னது, எந்தத் தேதியில் பார்த்தது, ஒன்றும் இருக்காது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளில் படிவம் 22 இதற்குத்தான் இருக்கிறது. கட்டங்களை நிரப்பத் தெரிந்தவர்களும், பார்த்தது, கேட்டது, தான் ஊகித்தது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகிறார்கள். பயிற்சி இதில்தான் வேண்டும்: மூன்று நிறப் பேனா. பார்த்தது நீலம், பிறர் சொன்னது பச்சை, ஊகம் சிவப்பு. தான் எழுதியதையே அடிக்கோடிடச் சொல்லுங்கள். சிவப்பு மட்டுமே தெரியும் தாள்கள் நிறைய வரும்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 36 படி சமூக விசாரணையை 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். அவசரத்தில்தான் பழைய அறிக்கையை எடுத்துப் பெயரை மாற்றுகிற பழக்கம் வருகிறது. "அவன்" என்றிருந்த இடம் நடுவில் "அவள்" ஆகியிருப்பதைக் குழந்தைகள் நலக் குழு கண்டுபிடித்தால் அன்றைக்கு அந்த அலுவலர் பாடு அதோகதி.

ஆத்துப்பாலம் | ஜூன் 13, மாலை

அதே கோப்பை வைத்து ஆய்வுப் பகுதியையும் சொல்லிக்கொடுக்க முடியுமா? மாணவர்களுக்குப் புள்ளியியல் என்றாலே கிலி.

பொதிகைத்தூறல் | ஜூன் 14

முடியும். ஒரு கோப்புக்குப் பதில் 40 சிறு குறிப்புகள், ஒவ்வொன்றும் 4 வரி. இரண்டு பேர் தனித்தனியாக "உடனடி ஆபத்து உண்டு / இல்லை" என்று குறிக்கட்டும். பிறகு ஒப்பிடுங்கள். 24 குறிப்பில் இருவரும் "உண்டு", 8-இல் இருவரும் "இல்லை", மிச்சம் 8-இல் பிரிந்தார்கள் (ஆளுக்கு 4-இல் "உண்டு") என்று வையுங்கள். 40-க்கு 32 ஒத்துப்போயிற்று, 80 சதவீதம். கைதட்டத் தோன்றும்.

இருங்கள். இருவருமே 40-இல் 28 தடவை, அதாவது 70 சதவீதம், "உண்டு" என்று குறிக்கும் பழக்கக்காரர்கள். குறிப்பைப் படிக்காமலே குருட்டாம்போக்கில் குறித்திருந்தாலும் 0.7 × 0.7 + 0.3 × 0.3 = 0.58 ஒத்துப்போயிருக்கும். ஆக, தற்செயலைத் தாண்டி அவர்கள் சம்பாதித்தது 0.80 − 0.58 = 0.22. சம்பாதித்திருக்கக்கூடியது 1 − 0.58 = 0.42. வகுத்தால் 0.52. கோஹனின் கப்பா என்பது இவ்வளவுதான். கரும்பலகையில் 10 நிமிடம் போதும், கணினி வேண்டாம்.

அதற்குப் பிறகு வரும் பேச்சுதான் முக்கியம். பிரிந்த அந்த 8 குறிப்பையும் மேசையில் வைத்து ஏன் பிரிந்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் "உடனடி" என்றால் என்னவென்று இருவரும் வேறுவேறாக வைத்திருப்பார்கள். வரையறையை எழுதுங்கள், இன்னொரு 20 குறிப்பைக் கொடுங்கள், திரும்பக் கணக்கிடுங்கள்.

உவரிக்காத்து | ஜூன் 14, இரவு

நிரலில் "களப்பயணம்" என்று இருக்கிறதே, அதை யாரும் தொடவில்லை. எங்கே போகிறீர்கள்? இல்லத்துக்குப் பேருந்தில் போய், பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து, பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, குழுப்படம் எடுப்பதா?

ஆத்துப்பாலம் | ஜூன் 15

அதுதான் திட்டத்தில் இருக்கிறது. பிஸ்கட் உட்பட.

உவரிக்காத்து | ஜூன் 15

எடுத்துவிடுங்கள். பராமரிப்பிலுள்ள பிள்ளையின் அடையாளம் வெளிவரும்படி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பெயரில்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். "கடலோர ஊர், 9ஆம் வகுப்பு, தாய் இல்லை, தகப்பன் கேரளத்தில்" என்று அறிக்கையில் எழுதினால், அந்த ஊர் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் எந்த வீடு என்று கை காட்டுவார்கள். சின்ன ஊர்களில் மூன்று விவரம் சேர்ந்தாலே பெயர் சொன்ன கணக்கு. ஊரை ஒன்றியமாக்குங்கள், வயதை 13-15 என்று போடுங்கள், தொழிலைப் பொதுவாக எழுதுங்கள்.

பெயர்ப் பட்டியலும் குறியீட்டு எண்ணும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் படிவத்தைப் போட்டோ எடுத்துப் போடும் பழக்கத்தைப் பட்டறையின் முதல் மணி நேரத்திலேயே நிறுத்துங்கள்.

மேலப்பாளையத்தான் | ஜூன் 15, இரவு

களமே வேண்டாம்னா எப்படி அண்ணாச்சி? பீடி சுத்துற வீட்டுத் திண்ணையில உக்காராம குழந்தை உழைப்பப் பத்தி என்னத்த ஆராய்ச்சி?

உவரிக்காத்து | ஜூன் 16

களம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முறையான அனுமதியும், பிள்ளை ஏதாவது சொன்னால் அடுத்து யாரிடம் போவது என்ற ஏற்பாடும் இல்லாமல் போகாதீர்கள் என்கிறேன். பட்டறைப் பயிற்சிக்குப் பெரியவர்களே பிள்ளையாக நடிக்கலாம்.

மேலப்பாளையத்தான் | ஜூன் 17

சரி, அது நியாயம். பீடி வீட்டுக்குக் கேள்வி எழுதுறது எப்படின்னு மட்டும் சொல்லுதேன், பட்டறையில இத ஒரு பாடமா வையுங்க.

"உங்க பிள்ளை வேலை செய்யுதா?" இந்தக் கேள்விக்கு மேலப்பாளையத்துலயும் முக்கூடல்லயும் ஆலங்குளத்துலயும் ஒரே பதில்தான்: இல்ல. பொய் இல்ல அது. அம்மா மடியில சொளவ வச்சுச் சுத்துவா. புள்ள பக்கத்துல உக்காந்து தலை மடக்கும், நூல் கட்டும், இருபத்தஞ்சு இருபத்தஞ்சாக் கட்டுப் போடும். டிவி பாத்துக்கிட்டே செய்யும். அத யாரும் வேலைன்னு நெனைக்கறதில்ல. "கூடமாட ஒத்தாசை", அவ்வளவுதான்.

அதனால அந்தச் சொல்லே வராமக் கேக்கணும். ஒரு தாள்ல சாயங்காலம் 4 மணியிலிருந்து ராத்திரி 9 மணி வரை அரை மணிக்கு ஒண்ணா 10 கட்டம். "நேத்து ஸ்கூல் விட்டு வந்ததும் மொதல்ல என்ன செஞ்ச? அப்புறம்? அப்புறம்?" கட்டம் கட்டமாப் போங்க. "டிவி பாத்தேன்"னா, "அப்ப கை சும்மா இருந்துச்சா?"ன்னு ஒரு கேள்வி. அங்கதான் வரும் நூலும் கட்டும்.

அம்மாகிட்ட தனியா: நேத்து எத்தன சுத்தினீங்க, எல தண்ணி தெளிச்சது யாரு, வெட்டினது யாரு, கட்டுப் போட்டது யாரு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. அதனால எண்ணிக்கை அவங்களுக்கு மனப்பாடமா இருக்கும். ஒருத்தர் சுத்தக்கூடியதவிட எண்ணிக்கை கூட இருந்தா, இன்னொரு கை இருக்குன்னு அர்த்தம்.

பீடிக்கடைக்குக் கொண்டு போற நேரத்துல கதவத் தட்டாதீங்க. யாரும் உங்க மூஞ்சியப் பாக்க மாட்டாங்க.

பொதிகைத்தூறல் | ஜூன் 17, மாலை

அருமை. ஒன்று சேர்க்கிறேன். "நேற்று" என்று கேட்பதால் எந்தக் கிழமை போகிறீர்கள் என்பது முக்கியம். எல்லா வீட்டுக்கும் திங்கட்கிழமை போனால் கிடைப்பது முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. மாதிரி வீடுகளை வாரத்தின் 7 நாளுக்கும் பிரித்துப் போடுங்கள். கட்டம் போட்ட தாளின் மேலே கிழமையை எழுத ஓர் இடம் விடுங்கள். இதை விட்டுவிட்டால் பிறகு சரிசெய்ய வழியே இல்லை.

இன்னொன்று: "கணக்கெடுக்க வந்திருக்கோம்" என்றாலே உதவித்தொகை என்று நினைக்கிறார்கள். மிஷன் வத்சல்யா என்ற குழந்தைகள் நல அரசுத் திட்டத்தில் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய் என்பது ஊரெல்லாம் தெரியும். தகப்பன் வேலைக்குப் போகிறார் என்பதையே மறைத்துவிடுவார்கள். ஆய்வுக்கும் உதவித்தொகைக்கும் சம்பந்தமில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னால் வாசல் வரை வந்து திட்டுவார்கள்.

உவரிக்காத்து | ஜூன் 18

ஒப்புதல் படிவத்தைப் பற்றி. "நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று எல்லாப் படிவத்திலும் ஒரு வரி இருக்கிறது. பிள்ளைகள் ஆய்வில் அந்த வரி பொய். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19 படி அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ எவரும் தெரிவித்தாக வேண்டும். ஆய்வாளருக்கு விலக்கில்லை. தெரிவிக்காவிட்டால் பிரிவு 21 வருகிறது: 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது: "நீ சொல்றத உன் பேரோட யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா உனக்கோ வேற பிள்ளைக்கோ யாராவது கெடுதல் செய்றது தெரிஞ்சா, உதவி செய்றவங்ககிட்ட நான் சொல்லியாகணும். அத உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாம இருக்கலாம். எப்ப வேணாலும் எந்திரிச்சுப் போகலாம்." இதை ஒவ்வொருவரும் தாளைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லும்வரை விடாதீர்கள்.

வயதுக் கணக்கு, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி: 7 முதல் 12 வரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதம், 12 முதல் 18 வரை எழுத்துச் சம்மதம். இரண்டுமே பெற்றோர் ஒப்புதலுக்கு மேல்தான். அதற்குப் பதிலாக அல்ல. பெற்றோர் கையெழுத்துப் போட்டும் பிள்ளை மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். தலைமையாசிரியர் "எல்லாப் பிள்ளைங்களும் ரெடி சார்" என்பது யாருடைய சம்மதமும் அல்ல.

ஆத்துப்பாலம் | ஜூன் 18, இரவு

பிள்ளை நிஜமாகவே ஏதாவது சொல்லிவிட்டால் அந்த நிமிடத்தில் என்ன செய்வது? இதில்தான் எல்லாரும் பதறுகிறார்கள்.

உவரிக்காத்து | ஜூன் 19

பட்டறையில் இதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், நடித்துப் பார்க்க.

வினாத்தாளை மூடுங்கள். மேற்கொண்டு துருவாதீர்கள். புலனாய்வு உங்கள் வேலை இல்லை. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கூடுதல் கேள்வியையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "சொல்லிக்கொடுத்தது" என்று எடுத்துவைப்பார். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, அவன் அல்லது அவள் வாய்ப்பேச்சிலேயே எழுதுங்கள். நாகரிகமாக மாற்றாதீர்கள். நேரம், இடம், கூட இருந்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். "எங்கிட்ட சொன்னது நல்லது" என்று சொல்லலாம். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சொல்லக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருந்தால் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வந்து மறுநாள் யோசிப்பது கூடாது.

பிறகு சிறப்புச் சிறார் காவல் பிரிவு அல்லது உள்ளூர்க் காவல் நிலையம். குழந்தைகள் உதவி எண் 1098-ம் இருக்கிறது. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. இதைப் பிள்ளையின் வீட்டாருக்கும் சொல்லிவைப்பது நல்லது. தொலைபேசி எண்களைப் பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் தன் கைபேசியில் பட்டறையிலேயே பதிந்துகொள்ள வேண்டும். தாளில் கொடுத்தால் தாள் பையோடு போய்விடும்.

மேலப்பாளையத்தான் | ஜூன் 19

பேட்டிப் பயிற்சிக்கு மூணு பேர் மூணு பேரா உக்காரவையுங்க. ஒருத்தர் பிள்ளை, ஒருத்தர் கேக்குறவர், ஒருத்தர் கவனிக்கிறவர். 8 நிமிஷம், அப்புறம் ஆள் மாறணும். கவனிக்கிறவர் மூணு பத்தியில கோடு போடுவார்: திறந்த கேள்வி, ஆமா-இல்லக் கேள்வி, பதில ஊட்டுற கேள்வி. "அப்பா அடிச்சாரா?" மூணாவது பத்தி. "அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு பாப்போம்" மொதப் பத்தி. முதல் சுத்துல ரெண்டாவது பத்திதான் நெறஞ்சு கெடக்கும், பாருங்க.

"ஏன்" கேள்விய மொத்தமா எடுத்துருங்க. "ஏன் ஸ்கூலுக்குப் போகல?"ன்னா பிள்ளைக்கு அது திட்டு. "போகாத அன்னைக்கு என்ன செஞ்ச?"ன்னு கேளுங்க.

பிள்ளை பேசாம இருந்தா மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நம்ம ஆட்களுக்கு மூணு எண்றதுக்குள்ள வாய் துறுதுறுங்கும்.

பொதிகைத்தூறல் | ஜூன் 21

மாதிரி அளவு பற்றி ஒரு மாணவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார், பொதுவில் எழுதுகிறேன். புத்தகத்தில் வரும் 384 (50 சதவீதப் பரவல், 5 சதவீதப் பிழை எல்லை, 95 சதவீத நம்பகம்) எளிய சீரற்ற மாதிரிக்கு. ஊர் ஊராகத் தேர்ந்து அங்கே வீடு வீடாகப் போனால் அது கொத்து மாதிரி. ஒரே தெருப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் வடிவமைப்பு விளைவால் (கொத்தாக எடுப்பதற்காக மாதிரியைப் பெரிதாக்கும் எண்) பெருக்க வேண்டும். 2 என்று வைத்தால் 768. பதில் தராதவர் 10 சதவீதம் என்றால் 768-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 854. 10 சதவீதம் கூட்டினால் 845 வரும், அது குறைவு. 30 கொத்து என்றால் கொத்துக்கு 29 பிள்ளை.

பட்டியல் எங்கே எடுப்பது என்பதுதான் நெல்லையில் சிக்கல். 2011 கணக்கெடுப்பின் திருநெல்வேலி 30.77 லட்சம் பேர். அதில் தென்காசியும் அடக்கம். தென்காசி 2019 நவம்பரில் பிரிந்தது. அந்த மாவட்ட சராசரியை இன்றைய திருநெல்வேலிக்கு வைத்து ஒப்பிடுகிற ஆய்வேடுகள் வருகின்றன. தாலுகா வாரியாக எடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். பள்ளிப் பதிவேட்டை மட்டும் பட்டியலாக வைத்தால் இடைநின்ற பிள்ளை ஒன்றுகூட உள்ளே வராது. செங்கல் சூளைக்கு வெளியூரிலிருந்து வந்திருக்கும் குடும்பங்கள் குடும்ப அட்டைப் பட்டியலிலும் இல்லை. அவற்றைத் தனி அடுக்காக, சூளை வாரியாக எடுக்க வேண்டும்.

மேலப்பாளையத்தான் | ஜூன் 21

கடற்கரை ஊருக்குன்னா மீன்பிடித் தடைக்காலத்துல போங்க, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எல்லாரும் வீட்ல இருப்பாங்க.

உவரிக்காத்து | ஜூன் 22

இருக்க மாட்டார்கள். தடை விசைப்படகுக்கு. உவரி, கூட்டப்புளி, இடிந்தகரைப் பக்கம் பெரும்பாலும் நாட்டுப்படகு, தடைக்காலத்திலும் கடலுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபின் போங்கள்.

ஆடி அமாவாசை வாரம் உள்நாட்டு ஊர்களில் கணக்கெடுப்பு வைக்காதீர்கள். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் குடும்பத்தோடு போய்த் தங்கிவிடுவார்கள். பங்குனி உத்திரமும் அப்படித்தான், சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். பூட்டிய வீட்டைப் "பதில் தராதவர்" என்று எழுதிக்கொண்டு திரும்பினால் மாதிரி சாய்ந்துவிடும்.

பொதிகைத்தூறல் | ஜூன் 24

பிள்ளைகளின் நடத்தை, மனச்சிக்கல்களை அளக்கும் எஸ்.டி.க்யூ. வினாத்தாளைப் பயன்படுத்தப்போவதாக இரண்டு பேர் சொன்னார்கள். 25 வரி, 5 பிரிவு. இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. 7, 11, 14, 21, 25 ஆகிய வரிகள் தலைகீழாக மதிப்பெண் பெறுபவை. நேராகப் போட்டுவிடுகிறார்கள். பிறகு மொத்தச் சிக்கல் மதிப்பெண்ணில் நற்பழக்கப் பிரிவையும் (பிறருக்கு உதவும் குணம், அது சிக்கல் அல்ல) சேர்த்துக் கூட்டுகிறார்கள். மொத்தம் 4 பிரிவுக்கு மட்டும், 0 முதல் 40 வரை. 40-க்கு மேல் மதிப்பெண் உள்ள அட்டவணையைக் கண்டால் மிச்சத்தை வாசிக்க வேண்டியதில்லை.

பட்டறை மதிப்பீடு பற்றியும். "பயனுள்ளதாக இருந்ததா?" என்ற தாளில் எல்லாரும் 5-க்கு 5 போடுவார்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் நிச்சயம். பயிற்சியை மதிப்பிடக் கிர்க்பாட்ரிக் 1959-இல் சொன்ன நான்கு படிகளில் அது முதல் படி, பிடித்திருந்ததா என்பது மட்டும். முதல் நாள் காலை எழுதவைத்த அந்தக் கோப்புக்கு இணையான இன்னொன்றை இரண்டாம் நாள் மாலையும், மூன்றாவதை 6 வாரம் கழித்தும் எழுதவையுங்கள். பெயரை மறைத்து, எது முன்னது எது பின்னது என்று தெரியாத ஒருவர் திருத்தட்டும்.

ஆத்துப்பாலம் | ஜூன் 26

நிரலைத் திருத்தினேன். 30 பேருக்குப் பேசி வைத்திருக்கிறேன், 24-க்கு நிர்வாகம் இறங்கவில்லை. சொற்பொழிவு 2, தலா 20 நிமிடம். களப்பயணம் இல்லை. குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களையும் இரண்டு நாளும் கூப்பிட நினைக்கிறேன்.

உவரிக்காத்து | ஜூன் 26

இரண்டு நாளும் கிடைக்கமாட்டார்கள். குழு மாதம் குறைந்தது 20 நாள் அமர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஒருவரை மட்டும், இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல், அறிக்கைகளை வாசித்துக் கேள்வி கேட்கக் கூப்பிடுங்கள். 30 பேர் என்றால் நாலாவது பயிற்றுநரையும் பிடியுங்கள்.

மேலப்பாளையத்தான் | ஜூன் 27

அந்த மூணாவது கோப்புக்கு ஆகஸ்ட் ரெண்டாவது வாரத்திலிருந்து 6 வாரம் எண்ணிப் பாத்தீங்களா? காலாண்டுப் பரீட்சைல வந்து நிக்கும். ஆற்றுப்படுத்துநர் யாரும் இல்லத்துப் பிள்ளைங்கள விட்டுட்டு வரமுடியாது. அதத் தாண்டித் தள்ளினா குலசை தசராவுக்கு மாலை போட்டிருப்பாங்க பாதிப் பேரு, காளி வேஷத்துல வந்து கப்பா கணக்குப் போடுவாங்க. 5-வது வாரத்துக்கே வச்சிருங்க, அண்ணாச்சி.